தோட்டத்துப் பழங் கட்டடங்கள்

தோட்ட ஆபீசில் கட்டடங்களுக்கென ஒரு பேரேடு உண்டு. லயம், புகைவீடு, ஸ்டோர், ஆயக்கொட்டகை, மாட்டுக்கொட்டகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி. கட்டிய ஆண்டு, கூரையின் வகை, மதிப்பு என்பன வரிசையாகக் காணப்படும். கட்டடம் பிரிக்கப்பட்டால் அவ்வரியின்மேல் சிவப்பு மையால் கோடிழுத்துக் ‘கழிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுவது வழக்கம். கிராணி வேலையில் அமர்ந்த நாள் தொட்டு நாம் இழுத்த கோடுகள் பல. ரப்பர் வீழ்ந்து எண்ணெய்ப்பனை வருகின்றது. அதுவும் வீழ்ந்து வீடமைப்புப் பேட்டை வருகின்றது. நிலம் புதுப்பயனுக்குப் போகும்போதெல்லாம் பழங் கொட்டகைகளே முதலில் வழிவிட வேண்டியிருக்கின்றன. அவை போவது கண்டு கண்ணீர் வடிக்கும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லோம். ஒரு குடும்பத்தை ஓர் அறைக்குள் அடைத்து வைத்த லயம் ஒழிவது நன்றே. ஆனால் அஃது எவ்வாறு ஒழிகின்றது என்பதில்தான் நமக்கு வழக்குண்டு.

பேரேட்டில் ‘கட்டிய ஆண்டு’ என்னும் பத்தி யாதொரு பயனுமற்றது என்றே நாமும் முன்பு எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த தோட்டமொன்றில் பழைய புகைவீட்டைப் பிரிக்கக் குத்தகைக்காரர் ஆட்களைக் கொண்டுவந்தார். இருபது வயது இளைஞன் ஒருவன் கூரைமீதேறி நடந்தான். சாம்பல் நிறத் தகடு காலடியில் நொறுங்கிற்று. அவன் கீழே அடுப்புக் குழியின் சிமெண்டு விளிம்பில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். பிழைத்தான், எனினும் இன்றும் சாய்ந்தே நடக்கின்றான். உடைந்த தகட்டுத் துண்டுகளை லயத்தார் கோழிக்கூண்டுக்குக் கூரையாக எடுத்துச் சென்றனர். சிறுவர் சில்லுகளால் தரையில் கோடு கிழித்து விளையாடினர். அன்று மாலை பேரேட்டைத் திறந்தோம். ‘1956, கூரை அஸ்பெஸ்டாஸ்’ என்று எழுதியிருந்தது. எழுதியதைக் காலையிலேயே படிக்க வேண்டியவர் நாமன்றோ!

அன்று முதல் அப்பத்தியை நாம் வேறு கண்கொண்டு பார்க்கலானோம். மலாயாத் தோட்டங்களின் வரலாறு முழுதும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

1877-இல் ஐரோப்பாவிலிருந்து இலங்கை வழியாகச் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் என்னும் சீனர் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். பின்னர் விலை ஏறிற்று, காடுகள் வீழ்ந்தன, நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். அவர்க்கென அவசரத்தில் எழுப்பியவை காட்டுக்கம்பும் அத்தாப்பும் கொண்ட குடில்கள். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை அரிது. எங்கேனும் ஒரு மாட்டுக்கொட்டகை நின்றால், ஓலையைக் கையால் அள்ளாமல் நீண்ட கழியால் தள்ளி இறக்குக. பாம்பும் பூரானும் குடியிருக்கும் இடமது. நின்றவாறே கொளுத்திவிடலாம் என்போரும் உளர். காற்று எப்பக்கம் திரும்பும் என்பதை அவர் யாரிடம் கேட்டறிந்தனரோ!

அடுத்த காலத்தைக் கொசு ஆண்டது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், காடழிப்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். கடலோரச் சதுப்பில் மரத்தை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. மலைப்பாங்கான இடத்திலோ காட்டை வெட்ட, ஓடை நீரில் வெயில் பட்டு வேறொரு கொசு பெருகிற்று. ஆகவே ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் மூடினர்; சிமெண்டு வடிகால்கள் கட்டினர். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயங்கள் தூணின்மேல் எழுந்தன. இவற்றைப் பிரிப்போர் மேலிருந்து கீழாக வரல் வேண்டும்: முதலில் தகரம், பின் சட்டம், பின் சுவர், இறுதியில் தூண். தூணின் தலை உறுதியாகத் தோன்றும். அடியோ மண்ணோடு மண்ணாக மக்கியிருக்கும். கீழ்ப்பலகையை முதலில் உருவினால் வீடே சாய்ந்துவிடும். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஏற்புவலி வரும். அதற்கு ஊசி உண்டு, முன்னரே போட்டுக்கொள்க. பழங்கிணற்றை அடையாளமிட்டு நிரப்பாமல் புல்டோசரை விடலாகாது. ரப்பர்ப் பால் உறைய வைத்த தொட்டிகளையும் உடைத்து மூடல் வேண்டும். விட்டால் மழைநீர் நின்று டெங்கிக் கொசு வளரும்.

புகைவீடோ தனி வகை. பல்லாண்டுகள் விறகுப் புகை படிந்து அதன் சுவரும் மரமும் கரிப்பிசினால் மெழுகப்பட்டவை. இரும்பை அறுக்கும்போது தெறிக்கும் ஒரு பொறி போதும். முதலில் சுரண்டிக் கழுவி, தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டே வேலை தொடங்கல் வேண்டும்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலம். லயத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போனவரில் மிகப்பலர் மீளவில்லை. கட்டடங்களும் பேணுவாரின்றிச் சிதைந்தன. 1948-இல் அவசரகாலம் வந்தது. காட்டோரங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் பல கலைக்கப்பட்டு, மக்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். அக்காலத்தும் அதன் பின்னும் எழுந்த கட்டடங்களில்தான் அஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகடு மிகுதியாகக் காணப்படுகின்றது. தகடு முழுதாக இருக்கும்வரை தீங்கு குறைவு. உடைத்தால், அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் தங்கும். நோய் 20 முதல் 40 ஆண்டு கழித்தே வெளிப்படும். அன்று வேலை கொடுத்தவர் எங்கிருப்பாரோ! ஆகவே அதன்மீது நடவாமல் குறுக்குப் பலகை இட்டு, நீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி, தகட்டை முழுதாகவே இறக்கல் வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதாது. அதற்கென உள்ள முகமூடி வேண்டும். இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக்கில் இருமுறை சுற்றல் வேண்டும். கல்நார்த் தூசும் நாரும் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. கண்ட குழியில் புதைக்கக் கூடாதென்க.

மருந்து ஸ்டோரையும் மறத்தலாகாது. களை கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சினை முன்னாளில் தோட்டங்களில் தாராளமாகத் தெளித்தனர். 1960-களில் வந்த பாராகுவாட் 2020-இல்தான் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. பெயர்ச்சீட்டு அழிந்த டின் எதுவும் வெறும் டின்னன்று. தரைமண்ணும் ஐயத்துக்குரியதே, அங்கே காய்கறித் தோட்டம் போட விரும்புவோர் முதலில் மண்ணைச் சோதிப்பாராக.

பிரித்த நிலம் யாருக்குப் போகின்றது? முதற் பெரும்போருக்குப் பின் பிரிட்டிஷ் படைவீரர் திறந்த பிராங் பெசார் தோட்டத்தில்தான் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. அத்தோட்டத்தில் உருவான ரப்பர் இனங்கள் ‘பி.பி.’ என்னும் எழுத்துக்களைத் தாங்கி உலகெங்கும் பால் வடித்தன. அங்கு வாழ்ந்த தொழிலாளர் டிங்கிலில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டனர். அவ்வடுக்குமாடியின் சுவர்களில் பிளவு கண்டு அவர்கள் முறையிட்டது நாடறிந்த செய்தி. பழைய கட்டடத்தை இடிப்பதில் காட்டிய விரைவு புதியதைக் கட்டுவதில் பிழையாய் முடிந்தது போலும்.

இப்போது எம் தோட்டத்தில் ஒரு புகைவீடும் இரு லயங்களும் எஞ்சியுள்ளன. பேரேட்டைப் பார்த்து ஒவ்வொன்றின் கூரையையும் குறித்து, தகடுகளை முழுதாக இறக்கவும் முகமூடி வாங்கவும் ஆகும் கூடுதற் செலவைக் கணக்கிட்டு எழுதியுள்ளோம். குத்தகைக்காரர், “இரண்டு நாளில் எக்ஸ்கவேட்டரால் தள்ளிவிடலாமே, கிராணி ஐயா” என்கின்றார். கணக்கு மூன்று வாரமாகத் துரையின் மேசைமீது கிடக்கின்றது. இன்னும் கையெழுத்தாகவில்லை.