மாய உலகமும் ஊழி உலகமும்

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கீழடி. 2015-இல் தொடங்கிய அகழாய்வுகளில், அங்குள்ள தென்னந்தோப்புகளின் அடியிலிருந்து செங்கல் கட்டடங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. அவற்றோடு ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்தன. 2,000 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் வாழ்ந்த மக்கள், வேலை ஓய்ந்த நேரத்தில் பகடை உருட்டி விளையாடியிருக்கிறார்கள்.

இன்று அதே வட்டாரத்து இளைஞர்கள் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து விளையாடுகிறார்கள். அந்தத் திரைக்குள்ளும் பகடைதான் உருள்கிறது; நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

இவ்விளையாட்டுகளில் ஒரு வகை, வேடமேற்று ஆடும் விளையாட்டு. ஆடுபவர் கதையில் ஒரு பாத்திரமாகிறார். உடல்வலிமை, பேச்சுத்திறன், மறைந்து நடக்கும் திறன் ஆகியவற்றை எண்களாகப் பெற்றுப் படிப்படியாக வளர்த்துக்கொள்கிறார். அவர் நடமாடும் இடம் பாதை அடைக்கப்படாத பரந்த வெளியாக இருந்தால் அதைத் 'திறந்த உலகம்' என்பர். தொலைவில் ஒரு மலை தெரிந்தால் அதுவரை நடந்தே போகலாம்.

இத்தகைய உலகங்களில் இரண்டு வகை புகழ்பெற்றவை. ஒன்று, வாளும் மந்திரமும் பறவைநாகங்களும் நிறைந்த மாய உலகம். மற்றொன்று, பேரழிவுக்குப் பின் எஞ்சிக் கிடக்கும் உலகம். இதை நம் முன்னோர் சொல்லைக் கொண்டு 'ஊழி உலகம்' என்று அழைக்கலாம்.

இரண்டும் மதுரைக்குப் புதியவை அல்ல. நரி பரியானதும் கல்யானை கரும்பு தின்றதும் திருவிளையாடல் கதைகள். பழைய மதுரையைக் கடல் கொண்டது என்கிறது இறையனார் களவியல் உரை. இன்றைய மதுரையைத் தீ எரித்தது சிலப்பதிகாரத்தில். ஆகவே, இவ்விரு உலகங்களின் வரலாற்றைச் சிறிது ஆராய்வது பயனுடையது.

பகடையிலிருந்து கணிப்பொறிக்கு

தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள். இரண்டு கட்டைகளை உருட்டினால் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் 'தாயம்' விழுவது இரண்டு வகைகளில் மட்டுமே. அதாவது எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. எளிதில் விழாது, ஆனால் விழாமலே போய்விடுவதும் இல்லை. விளையாட்டின் சுவையே இந்த நிகழ்தகவில்தான் இருக்கிறது.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை பேசி ஆடுவது அது. வாள்வீச்சு பட்டதா இல்லையா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை முடிவு செய்தது. கணிப்பொறிகள் வீடுகளுக்கு வந்தபோது, பகடை உருட்டும் வேலையை அவை ஏற்றுக்கொண்டன. ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய 'அல்டிமா' 1981-இல் வெளிவந்தது.

ஆனால் பெரிய உலகத்தைச் சிறிய கணிப்பொறிக்குள் அடைப்பது எப்படி? இதற்கு ஒரு வழியை 1984-இல் வெளியான 'எலீட்' என்னும் விண்வெளி விளையாட்டு காட்டியது. 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட கணிப்பொறியில் அது 2,048 விண்மீன் உலகங்களைத் தந்தது. அவ்வளவு உலகங்களையும் எழுதி வைக்க இடம் இல்லை. ஆகவே டேவிட் பிரேபென், இயன் பெல் என்னும் மாணவர்கள் இருவரும் ஒரு சில விதை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டல் விதி ஒன்றினால் உலகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பித்தார்கள். பனங்கொட்டைக்குள் பனைமரம் அடங்கியிருப்பது போன்றது இது. விதை மாறாதவரை மரமும் மாறாது.

1996-இல் வெளிவந்த 'டேகர்ஃபால்' என்னும் மாய உலகம் இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது. அதன் பரப்பு பிரிட்டன் தீவை ஒத்தது என்று சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். அதைவிடவும் அது பெரிது. எனினும் ஓர் ஊரைப் போலவே மற்றோர் ஊர் இருந்ததால், எவ்வளவு நடந்தாலும் புதுமை தோன்றவில்லை. பின்னர் வந்தவர்கள் உலகைச் சுருக்கி, ஒவ்வொரு பாறையையும் கையால் அமைக்கத் தொடங்கினர். 2011-இல் வெளியான 'ஸ்கைரிம்' ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டர்தான். மதுரை மாநகராட்சியின் பரப்பில் இது நான்கில் ஒரு பங்கு. ஆயினும் அதில் பல நூறு மணி நேரம் அலைந்து திரிந்தவர்கள் உண்டு.

ஒரே தச்சர், இரண்டு வீடுகள்

ஊழி உலகத்தின் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டுகளைக் குவித்து வைத்து ஒன்றையொன்று முறைத்துக் கொண்டிருந்த காலத்தில், 1988-இல், 'வேஸ்ட்லாண்ட்' வெளிவந்தது. அதனை உருவாக்கிய இன்டர்பிளே நிறுவனமே 1997-இல் 'ஃபால்அவுட்' என்ற விளையாட்டைத் தந்தது. அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து உதிரும் கதிரியக்கத் தூசுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. கதைப்படி, 2077-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று உலகம் எரிந்துபோகிறது. எஞ்சியவர்களின் வழித்தோன்றல்கள் நிலவறைகளில் வாழ்கிறார்கள்.

மாய உலகங்களான டேகர்ஃபாலையும் ஸ்கைரிமையும் உருவாக்கியது பெதஸ்டா என்னும் நிறுவனம். அதுவே ஃபால்அவுட்டுக்கும் உரிமை பெற்று, 2008-இல் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. 2006-இல் தன் மாய உலகத்தை இயக்கிய அதே அடிப்படை மென்பொருளையே அதற்கும் பயன்படுத்தியது. நடக்கும் முறை, பொருள்களைச் சுமக்கும் முறை, கதவு திறக்கும் முறை ஆகியவை பெரும்பாலும் ஒன்றே. வாளுக்குப் பதில் துப்பாக்கி. குகைக்குப் பதில் சுரங்க இரயில் நிலையம். ஒரே தச்சர் ஒரே மரத்தில் செய்த இரண்டு வீடுகள் இவை. ஆகவே இரண்டையும் ஒப்பிடுவது நல்லதொரு சோதனை போன்றது. மற்றவை மாறாதிருக்க, கற்பனையை மட்டும் மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

ஃபால்அவுட் 3 இந்தியாவோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. அவ்விளையாட்டில் கதிரியக்கத்தால் மாறிப்போன இரட்டைத் தலை மாடுகள் வருகின்றன. அவற்றின் பெயர் 'பிராமின்'. அமெரிக்காவில் 'பிராமன்' என்று ஒரு மாட்டினம் உண்டு. இந்தியாவிலிருந்து சென்ற திமில் மாடுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது அது. 2008 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், பண்பாட்டு உணர்வுகளைக் கருதி எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தது. எதனால் என்று அது விளக்கவில்லை. மாடும் அதன் பெயருமே காரணம் என்று பலர் ஊகித்தனர்.

பொன்னும் சோடா மூடியும்

மாய உலகில் நாணயம் பொன். ஊழி உலகில் நாணயம் சோடா புட்டியின் மூடி! நகைப்புக்குரியதாகத் தோன்றும் இதற்குள் ஒரு பொருளியல் பாடம் இருக்கிறது. முதல் ஃபால்அவுட்டின் கதையில், தண்ணீர் வணிகர்கள் அம்மூடிக்கு ஈடாகத் தண்ணீர் தர உறுதியளிக்கிறார்கள். அதனால்தான் மூடிக்கு மதிப்பு.

தண்ணீர்தான் இரு உலகங்களுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாடு. ஸ்கைரிமில் ஆறுகள் பாய்கின்றன. பனி உருகி ஓடுகிறது. அங்கே தாகத்தால் எவரும் வாடுவதில்லை. முதல் ஃபால்அவுட்டிலோ, ஆடுபவருக்கு இடப்படும் முதற்கட்டளையே, நிலவறையின் நீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு வேண்டிய உறுப்பை 150 நாட்களுக்குள் தேடிக் கொண்டுவா என்பதுதான். மூன்றாம் பாகத்தின் கதையும், கதிரியக்கம் கலந்த ஆற்றுநீரைத் தூய்மை செய்வதைப் பற்றியதே. குடத்தோடு லாரியை எதிர்பார்த்து நின்ற மதுரைக்காரர்களுக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

இடிபாடுகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. மாய உலகிலும் அழிந்த நகரங்கள் இருக்கின்றன. ஸ்கைரிமின் மலைகளுக்கு அடியில் 'ட்வெமர்' என்னும் இனத்தாரின் நகரங்கள், நீராவியும் பற்சக்கரங்களும் ஓயாமல் இயங்கக் கிடக்கின்றன. மக்களைத்தான் காணோம், ஒரே கணத்தில் மறைந்தார்களாம். ஆனால் அது யாரோ முன்னோரின் அழிவு. நாம் வியந்து பார்க்கிறோம். ஊழி உலகில் கிடப்பது பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சமையலறை. அது நம் அழிவு. கீழடியின் செங்கற்சுவரை நாம் பெருமிதத்தோடு பார்க்கிறோம். நம் சமையலறையை 2,000 ஆண்டுகள் கழித்து வேறு ஒருவர் தோண்டிப் பார்ப்பதாக எண்ணினால் உள்ளம் வேறுவிதமாகிறது அன்றோ?

இயற்பியல் என்ன சொல்கிறது?

அரை ஆயுட்காலம் பற்றிய வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், ஃபால்அவுட் நான்காம் பாகக் கதை 2287-இல் நடக்குது. போர் முடிந்து 210 வருஷம். அப்பவும் குளத்தில் இறங்கினால் கதிரியக்கம் ஏறுது. இது சரியா?"

நல்ல கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். வெடித்த முதல் நாட்களில்தான் கதிர்வீச்சு மிகக் கொடியது. காலம் ஏழு மடங்காகும்போது அதன் வீதம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையும். முதல் மணியில் இருந்த அளவு, 7 மணியில் பத்தில் ஒன்று. 49 மணியில் நூறில் ஒன்று. இரண்டு வாரங்களில் ஆயிரத்தில் ஒன்று. நெடுங்காலம் தங்கும் சீசியம்-137-இன் அரை ஆயுள் 30 ஆண்டுகள். 210 ஆண்டுகள் என்பது ஏழு அரை ஆயுட்காலங்கள். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. ஆகவே எஞ்சுவது 128-இல் ஒரு பங்கு. புளூட்டோனியம்-239 போன்றவை 24,000 ஆண்டு அரை ஆயுள் கொண்டவை. அவை அப்படியே இருக்கும். எனினும் குளங்களெல்லாம் 210 ஆண்டுகளுக்குப் பின்னும் விளையாட்டில் காட்டுமளவுக்கு நஞ்சாயிருக்கும் என்பதை ஏற்க இயலாது.

பூதாகாரமான தேள்களும் இயலாதவையே. தேளின் நீளத்தைப் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்காகிறது; காலின் குறுக்குவெட்டோ நூறு மடங்குதான். காலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். இவ்விதியைப் பொதுமக்களுக்கு எளிய நடையில் விளக்கியவர்களுள் ஒருவர், பின்னாளில் இந்தியாவுக்கு வந்து புவனேசுவரத்தில் வாழ்ந்து 1964-இல் மறைந்த உயிரியல் அறிஞர் ஹால்டேன். ஸ்கைரிமின் பறவைநாகத்தையும் இதே விதி தரையில் இறக்கிவிடுகிறது. அதன் சிறகுகள் அந்த எடையைத் தூக்கா. மாய உலகம் மந்திரத்தைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்கிறது. ஊழி உலகமோ அறிவியலின் உடையை உடுத்திக்கொண்டு அதே தவறைச் செய்கிறது.

அப்படியானால் அணுப்போர் அவ்வளவு அஞ்சத்தக்கது அல்லவா? அப்படி முடிவு கட்டினால் அது பெரும்பிழை. உண்மையான அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 1983-இல் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐந்து அறிவியலார், எரியும் நகரங்களின் கரிப்புகை வானில் பரவிச் சூரிய ஒளியை மறைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினர். 2007-இல் வெளியான ஆய்வு நம்மைப் பற்றியது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவுள்ள குண்டுகளை ஐம்பது ஐம்பதாக வீசிக்கொண்டால், 50 இலட்சம் டன் கரி மேல்வளி மண்டலத்தில் ஏறும். உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.25 டிகிரி செல்சியஸ் குறையும். பருவமழையும் குறையும் என்றது அது. அந்த ஊழி பூதத்தேளின் வடிவில் வராது. மழை பொய்த்து, நெல் விளையாமற்போன வயலின் வடிவில் வரும்.

சமவெளி கண்ட ஊழி

அத்தகைய வயலை இச்சமவெளி முன்பே கண்டிருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால் மக்கள் பட்டினி கிடந்த அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறியதும் உண்மை. பிழைப்புத் தேடி இலங்கைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போனவர்கள் ஏராளம்.

அதன் பிறகு என்ன நடந்தது? மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனை உயிர்பெற்றது. 1887-இல் பென்னிகுவிக் தலைமையில் தொடங்கிய அணை 1895-இல் முடிந்தது. பெயர் பொறிக்கப்படாத தொழிலாளர் பலர் காய்ச்சலாலும் விபத்தாலும் அங்கே மடிந்தனர். அந்த நீரால்தான் மதுரைச் சமவெளியின் வயல்கள் மீண்டும் பசுமை கண்டன. தனியொருவன் துப்பாக்கி ஏந்தி அலைந்து இது நடக்கவில்லை. அழிவுக்குப் பிந்திய உண்மை வரலாறு, கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தவர்களின் வரலாறு; மண் சுமந்தவர்களின் வரலாறு.

நம் மாணவர்களுள் சிலர் நாளை இத்தகைய விளையாட்டுகளை உருவாக்கக்கூடும். 2020-இல் புனேயைச் சேர்ந்த ஒரு குழு 'ராஜி' என்ற மாயக்கதை விளையாட்டை வெளியிட்டு, இந்தியப் புராணச் சூழலையும் திரையில் அமைக்க முடியும் என்று காட்டிவிட்டது. ஊழி உலகம் ஒன்றை அமைக்க விரும்புவோர் தாது வருஷத்து வைகையாற்றை எடுத்துக்கொள்ளலாம். வேண்டிய இடிபாடுகளும், வேண்டிய மனிதர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இரு உலகங்களுக்கும் பொதுவான வசதி ஒன்றை இதுவரை சொல்லவில்லை. ஆட்டத்தை எந்த இடத்திலும் சேமித்து வைத்துக்கொள்ளலாம். தவறு செய்து மாண்டுபோனால், சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். அந்த மாணவரிடம் 128-இல் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகு, இதையும் சொன்னேன். விளையாட்டில் உள்ள பொய்களிலேயே பெரியது தேள் அல்ல, இந்த வசதிதான் என்று. அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, 2007-ஆம் ஆண்டு ஆய்வைப் படிக்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.