காரின் 'கம்ப்யூட்டர்' போச்சா? மாற்றுவதற்குமுன் இதைப் படியுங்கள்

"கம்ப்யூட்டர் போச்சு, மாத்தணும்."

பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் சில நேரம் இப்படிச் சொல்வார்கள். உடனே பணத்தை எடுக்காதீர்கள்.

அது என்ன கம்ப்யூட்டர்?

எவ்வளவு பெட்ரோல் தெளிக்கவேண்டும், எப்போது தீப்பொறி வரவேண்டும் என்று எஞ்சினுக்குக் கட்டளையிடும் பெட்டி. பெயர் ஈசியு.

உண்மையிலேயே அதுதான் பழுதா?

பேட்டரி, எர்த் வயர், ஃபியூஸ், ரிலே, சென்சர் ஆகியவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியும் 'செக் எஞ்சின்' விளக்கு எரியவில்லையா? பெட்டிக்கு மின்சாரம் போகிறதா என்று பார்க்கவேண்டும்.

மாற்றித்தான் ஆகணுமா?

எப்போதும் இல்லை. 1990களில் வந்த சில மிட்சுபிஷி கார்களில் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் கசிந்து சர்க்கியூட் பலகையை அரித்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அவற்றை மட்டும் மாற்றிச் சரிசெய்யலாம்.

பழைய பாகம் வாங்கினால்?

- பெட்டிமேல் உள்ள பாக எண் உங்கள் காருக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆட்டோ, மேனுவல் கார்களுக்கு அது வேறுபடலாம்.
- இம்மொபிலைசர் உள்ள காரில் பெட்டியைச் சாவியோடு இணைக்கவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது.
- கழற்றுவதற்குமுன் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கவேண்டும்.
- வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று கடையில் முன்கூட்டியே கேளுங்கள்.

மறக்கக்கூடாத கேள்வி

பழைய பெட்டி ஏன் கெட்டது? தண்ணீர் புகுந்ததா, ஷார்ட் ஆன இக்னிஷன் காயிலா? காரணத்தைச் சரிசெய்யாமல் மாற்றினால் அடுத்த பெட்டியும் போய்விடும். செலவு இரண்டு மடங்கு.