ஓரியின் அம்பும் கார்பன் வில்லும்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வசிக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் சென்ற மாதம் புறநானூற்று வாசிப்புக்காகக் கூடியிருந்தோம். அன்று எடுத்துக்கொண்டது 152-ஆம் பாடல். வல்வில் ஓரியை வன்பரணர் பாடியது. வாசிப்பு முடிந்து காப்பி வந்தபோது, கூடத்தின் மூலையில் உறைக்குள் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு பொருளை நண்பர் எடுத்துவந்து நடுவில் வைத்தார். கல்லூரிப் போட்டிகளில் கலந்துகொள்ளும் அவருடைய மகளின் வில் அது. கார்பன் இழையால் ஆன ரிகர்வ் வில். "இதை ஓரியின் கையில் கொடுத்தால் அவன் என்ன செய்திருப்பான்?" என்று சிரித்தபடி கேட்டார். 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் பீரங்கி வண்டிகள் உருவாகும் ஊருக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டு வில்லைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகவே இருந்தது. ஆனால் கேள்வி வேடிக்கையானதன்று. அதற்கு நாம் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

முதலில் அந்த வில்லைப் பார்ப்போம். நடுவில் உலோகத்தாலான கைப்பிடி. அதன் மேலும் கீழும் பொருத்திக் கழற்றக்கூடிய இரண்டு கரங்கள். கரங்களின் உள்ளீடு மரம் அல்லது செயற்கை நுரை. அதன் இரு புறமும் கார்பன் இழைத் தகடுகள். நுனிகள் எய்பவருக்கு எதிர்த்திசையில் வளைந்திருக்கும். ரிகர்வ் என்ற பெயர் இந்த எதிர்வளைவால் வந்தது. நாணேற்றிய நிலையில் நாண் நுனிகளின் மேல் படிந்திருக்கும். இழுக்கும்போது அந்த வளைவும் விரிவதால், நேரான வில்லைவிட மிகுந்த ஆற்றலைச் சேமிக்க முடியும். இழுப்பின் கடைசி அங்குலங்களில் விசை திடீரென்று கடினமாவதும் இல்லை. கார்பனின் பங்கு வேறு. அது எடை குறைந்தது, முறுக்கிக் கொள்ளாதது. கரத்தின் நுனி எவ்வளவு இலேசோ அவ்வளவு விரைவாக அது முன்னே பாயும். சேமித்த ஆற்றலில் பெரும்பகுதி வில்லை அசைப்பதில் வீணாகாமல் அம்புக்குச் சேரும். ஒலிம்பிக் வீரர்களின் அம்பு ஏறத்தாழ 20 கிராம் எடையுடன் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் செல்கிறது. 70 மீட்டர் தொலைவில், 12.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள மஞ்சள் வட்டத்துக்குள் அதை மீண்டும் மீண்டும் செலுத்துவதே அவர்களுடைய கலை.

இந்த எதிர்வளைவு நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. மத்திய ஆசியப் புல்வெளிகளின் குதிரை வீரர்கள் கொம்பும் மரமும் விலங்கின் தசைநாரும் சேர்த்து ஒட்டிய வில்லில் இதே வளைவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். உட்புறக் கொம்பு அழுத்தத்தைத் தாங்கும். வெளிப்புறத் தசைநார் இழுவையைத் தாங்கும். திருமாலின் வில்லாகிய சார்ங்கம் என்ற சொல்லுக்கே கொம்பால் ஆனது என்பதுதான் பொருள். கார்பன் வில் அந்தக் கொம்பு வில்லின் நேரடி வாரிசு எனலாம். பொருள்கள் மாறினவே தவிர வேலைப் பங்கீடு மாறவில்லை.

தென்னாட்டு வேட்டுவர் கையில் இருந்த வில் வேறு வகையினது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஆயுதசாலையைப் பற்றிப் பேசும்போது, வில் செய்யும் பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகிய நான்கைக் கூறுகிறது. மூங்கில் வில்லுக்குத்தான் அது கோதண்டம் என்று பெயர் தருகிறது. நாண் திரிக்கும் பொருள்களின் வரிசையில் எருக்கு நாரும் இருக்கிறது. பனையும் மூங்கிலும் எருக்கும் நம் ஊர்ப் புறம்போக்குகளில் இன்றும் காணக் கிடைப்பவை. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் இந்தியக் காலாட்படையினரின் வில்லைக் கண்டு எழுதியதை, பிற்கால வரலாற்றாசிரியர் அர்ரியன் பதிவு செய்திருக்கிறார். ஆளின் உயரத்துக்கு நிகரான வில். அதைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்திக்கொண்டு நாணை இழுப்பார்கள். அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு. கேடயமோ மார்புக் கவசமோ அதைத் தடுக்காது. மூங்கில் வில்லுக்கு நீளம் வேண்டும். குட்டையாக இருந்தால் ஆழ இழுக்கும்போது முறிந்துவிடும்.

கொம்பு வில் ஏன் இங்கே வேட்டுவர் கைக்கு வரவில்லை? செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பது ஒன்று. மற்றொன்று மழை. அதன் பாகங்களை ஒட்டி நிறுத்துவது விலங்குப் பசை. ஈரக்காற்று அதற்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காட்டில் திரிபவனுக்கு, நனைந்தாலும் உலர்த்திக்கொள்ளக்கூடியதும், முறிந்தால் அங்கேயே மற்றொன்று வெட்டிக்கொள்ளக்கூடியதுமான மூங்கிலே பொருத்தம். வெயிலுக்கும் மழைக்கும் அசையாதது என்ற வகையில் மட்டும் கார்பன் வில் இரண்டையும் வென்றுவிடுகிறது.

வில்லின் பழைமை இதற்கெல்லாம் அப்பாற்பட்டது. இலங்கையின் மழைக்காட்டுப் பகுதியிலுள்ள ஃபாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழைமையானவை என்றும், அவற்றில் பல அம்பு முனைகளாகப் பயன்பட்டவை என்றும் 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அறியப்பட்ட மிகத் தொன்மையான வில் வேட்டைச் சான்றுகளுள் ஒன்று இது. அவர்கள் வேட்டையாடியவை பெரும்பாலும் குரங்குகளும் அணில்களும். மரக்கிளையில் தாவும் சிறு உயிரை வீழ்த்த ஈட்டி உதவாது, வில் வேண்டும்.

இனி ஓரியிடம் வருவோம். கொல்லிமலைத் தலைவனாகிய அவன் எய்த அம்பு யானையை வீழ்த்தி, வாய் பிளந்த புலியைச் சாய்த்து, கொம்புடைய கலைமானை உருட்டி, உரல் போன்ற தலையுடைய பன்றியை விழச்செய்து, அருகிலிருந்த புற்றின் உடும்பில் சென்று தைத்தது என்கிறார் வன்பரணர். இதை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடந்துவிடுவது உரைகளின் வழக்கம். நாம் சற்று நின்று கணக்குப் பார்த்தோம்.

அம்பு துப்பாக்கிக் குண்டைப் போலக் கொல்வதில்லை. குண்டின் ஆற்றலில் பல பத்துகளில் ஒரு பங்குதான் அம்புக்கு உண்டு. அது அதிர்ச்சியால் அல்லாமல் அறுப்பதால் கொல்கிறது. கூரிய அகன்ற தலை நுரையீரலையோ இதயத்தையோ அறுத்துச் சென்றால் குருதி இழந்து விலங்கு வீழும். இன்றைய வேட்டை வில்லிலிருந்து செல்லும் அம்புகூட ஒரு மானின் விலாவில் புகுந்து மறுபுறம் வெளியேறிச் செல்வது வழக்கமே. ஆகவே ஓர் உடலைக் கடந்து மற்றோர் உடலில் தைப்பது என்பது வெறும் கற்பனையன்று. யானையையும் வில்லால் வீழ்த்த முடியும். அமெரிக்க வில்லாளர் ஹோவர்ட் ஹில் 1950 வாக்கில் ஆப்பிரிக்காவில் அதைச் செய்து காட்டியிருக்கிறார். ஆனால் யானையின் உடலைத் துளைத்து வெளியேறிப் புலியையும் கொல்வது எந்த வில்லாலும் ஆகாது. அந்த இடத்தில் புலவர் அளவைக் கடந்துவிட்டார்.

அவர் வைத்திருக்கும் வரிசையைப் பாருங்கள். யானை, புலி, மான், பன்றி, உடும்பு. அம்பின் விசை ஒவ்வோர் உடலிலும் குறையக் குறைய, எதிர்ப்படும் உயிரின் உருவமும் பெரும்பாலும் சிறுத்துக்கொண்டே போகிறது. அம்பின் உயரமும் தாழ்ந்துகொண்டே வருகிறது. யானையின் விலாவில் தொடங்கியது, தரையோடு ஒட்டிய புற்றில் முடிகிறது. விசை தளர்ந்த அம்பு மண்ணை நோக்கித் தாழும் என்பதை அருகில் நின்று பார்த்தவருக்கன்றி இவ்வரிசை தோன்றியிராது என்பது நம் எண்ணம். எண்ணிக்கையில் மிகைப்படுத்திய புலவர், அம்பின் இயல்பில் பிழை செய்யவில்லை.

"வல்வில்" என்ற அடைமொழிக்கும் இங்கே பொருள் இருக்கிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் முழுமையாகக் கிடைத்த நெடுவில்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை மதிப்பிடப்படுகிறது. இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் இழுப்பது 45 அல்லது 50 பவுண்டு. வில்லின் வலிமை என்பது அந்நாளில் எய்பவனுடைய உடலின் வலிமையும் ஆகும். கார்பன் வில் அந்த வலிமையைப் பெருமளவு பொறியியலிடம் ஒப்படைத்துவிடுகிறது.

அப்படியானால் வெள்ளானூரில் நாம் கண்ட வில் வேட்டைக்கு ஏற்றதா? நேர்மையாகச் சொன்னால் ஓரளவுக்கே. பந்தய வில்லின் உயரம் 66 முதல் 70 அங்குலம்; புதருக்குள் குனிந்து செல்பவனுக்கு அது இடைஞ்சல். இலேசான அம்பு விரைவாகச் செல்லும். ஆனால் எலும்பில் பட்டால் கனத்த அம்பே உள்ளே செல்லும். இலேசான அம்பை எய்யும்போது அதற்குச் சேராத ஆற்றல் அதிர்வாகவும் ஓசையாகவும் வில்லிலேயே எஞ்சும். மான் ஓசைக்கு அஞ்சி விலகிவிடும். கார்பன் கரம் பிளந்தால் காட்டில் செப்பனிட வழியில்லை. இக்குறைகளைக் களைந்து, குட்டையாகவும் கனத்த அம்புக்கேற்பவும் செய்யப்பட்ட வேட்டை ரிகர்வ்கள் மேலை நாடுகளில் உண்டு. அவற்றுக்கும் நம் கேள்விக்கும் தொடர்பு குறைவு. ஏனெனில் வில் வேட்டையில் வில் கடைசிப் படி மட்டுமே. காற்றின் திசை அறிதல், அடிச்சுவடு படித்தல், இருபது முப்பது அடிக்குள் விலங்கு வரும்வரை அசையாதிருத்தல் ஆகியவை முன்படிகள். எழுபது மீட்டரில் தவறாத வில் இவற்றில் ஒன்றையும் கற்றுத் தராது.

அமெரிக்காவில் மரபு வில் வேட்டை என்று இன்று கொண்டாடப்படுவதன் தொடக்கமும் இதைத்தான் சொல்கிறது. யாகி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதர் இஷி, 1911-இல் கலிபோர்னியாவில் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப், வில் செய்வதையும் மறைந்து நெருங்குவதையும் அவரிடமே கற்றார். இஷி 1916-இல் காசநோயால் இறந்தார். போப் 1923-இல் எழுதிய நூலிலிருந்து ஒரு பெரிய பொழுதுபோக்கு மரபு வளர்ந்தது. கற்பித்தவரின் இனம் அழிந்துவிட்டது. கற்றவர்கள் அதற்கு மரபு என்று பெயரிட்டுக்கொண்டார்கள்.

நம் நாட்டில் கதை வேறு வகையில் கசப்பானது. 1802-இல் வயநாட்டின் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கும்பினிப் படையினரை வீழ்த்தியவர்கள் தலக்கல் சந்துவின் தலைமையில் வந்த குறிச்சியர் வில்லாளர்கள். அதன்பின் காடு அரசின் சொத்தாயிற்று. 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதன் திருத்தமும் வேட்டையை ஏறத்தாழ முழுமையாகத் தடை செய்தன. ஓரியின் பாடலில் வரும் உடும்பைக் கொல்வதும் இன்று கடுங்குற்றம். காட்டில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்ற 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்கூட, மரபுவழி வேட்டையுரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. நாம் தடையை எதிர்க்கவில்லை. துப்பாக்கி வேட்டையும் காடழிப்பும் விலங்குகளைக் கொண்டுவந்து நிறுத்திய நிலையில் அது தேவையானதே. ஆனால் அந்நிலைக்குப் பெரும் காரணமான கைகளில் இருந்தது மூங்கில் வில்லன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சில கைகள் வேறு வழி கண்டன. ராஜஸ்தானின் உதயப்பூர்ப் பகுதியில் மூங்கில் வில்லால் பறவைகளை வேட்டையாடி வளர்ந்த பழங்குடி இளைஞர் லிம்பா ராம், 1980-களின் பிற்பகுதியில் விளையாட்டு ஆணையத்தின் தேர்வில் கண்டறியப்பட்டு, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ரிகர்வ் வில்லேந்தினார். 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் பக்கத்தில் இருளர்கள் பாம்புத் தோல் வணிகம் நின்றபின் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதே கைத்திறனால் நஞ்சு முறிவு மருந்துக்கு நஞ்செடுத்துத் தருகிறார்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேட்டையின் அறிவுக்கு வேட்டையற்ற வாழ்வும் அமையக்கூடும். ஆனால் அதற்கு யாரேனும் அவர்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

வன்பரணரின் பாடல் அம்போடு முடிவதில்லை. வேட்டுவன் யாரென்று அறியாமலே பாணர் பாட, பாட்டில் தன் பெயரைக் கேட்டு ஓரி நாணுகிறான். பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும், தன் மலையின் பொன்னையும் மணியையும் அவர்களுக்குத் தருகிறான். புலவருக்கு அந்த அம்பைவிடப் பெரியது இந்தக் கொடைதான் என்று படுகிறது. நண்பரின் கேள்விக்கு அன்று மாலை நாம் சொன்ன விடை இதுவே: அந்த வில்லை ஓரி ஒருமுறை இழுத்துப் பார்த்திருப்பான், அதன் இலேசை வியந்திருப்பான், அம்பு இன்னும் கனமாக வேண்டும் என்று சொல்லியிருப்பான். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் மகள், தன் பயிற்சியாளரும் கனத்த அம்புக்கு மாறச் சொல்லியிருப்பதாகக் கூறிவிட்டு, வில்லின் நாணைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.