தந்தப் பந்தும் மலை ஈரமும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கோத்தகிரியில் மரக்கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்ளும். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அன்று. நீளவாட்டில் மிகக் குறைவு, குறுக்குவாட்டில் அதிகம். யானைத் தந்தத்துக்கும் இத்தகைய குணம் உண்டு. அப்படியானால், தந்தத்தில் கடைந்த பந்து ஈர மலையில் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி அன்று. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-இல் ஜபல்பூர் இராணுவ முகாமில் நெவில் சேம்பர்லெயின் என்ற இளம் அதிகாரியால் தோன்றியது என்பர். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லெயின்.) அதன் விதிகள் 1880-களில் எழுத்தில் வந்தது உதகை கிளப்பில், இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அக்காலத்தில் பந்துக்குத் தந்தமே உயர்ந்த பொருள். ஈரத்தில் உப்பிய பந்து சரியான கோளமாக இராது. நேராக அடித்தாலும் விலகி ஓடும். ஆகவே பந்துகளை ஆட்ட அறையின் காற்றுக்குப் பழக்கிய பிறகே ஆடுவார்கள்.

பந்து ஒரு பாதி, மறுபாதி துணி. நடுவில் அடிபட்ட பந்து முதலில் உருளுவதில்லை, வழுக்குகிறது. துணியின் உராய்வு வேகத்தைக் குறைத்துச் சுழற்சியைக் கூட்டுகிறது. வேகம் தொடக்கத்தில் இருந்ததில் 5/7 பங்கானதும் வழுக்கல் நின்று உருளல் தொடங்குகிறது. உராய்வு எவ்வளவாயினும் இந்த 5/7 மாறாது! மாறுவது வழுக்கும் தூரமே: உராய்வுக் குணகம் இரட்டித்தால் தூரம் பாதியாகும். என் மாணவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. படித்த காலத்தில் நானும் நம்பவில்லை. பவுலிங் ஆட்டத்தில் 60 அடித் தளத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசி, அதற்கேற்ற மேற்பரப்புள்ள பந்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்தத் தூரத்தைக் கட்டுப்படுத்தத்தான்.

பழைய பில்லியர்ட்ஸுக்கு 3 பந்துகள் போதும். இன்றைய ஸ்னூக்கருக்கு 22 வேண்டும். ஒரு தந்தமோ சில பந்துகளைத்தான் தரும். எத்தனை யானைகள் என்று நீங்களே கணக்கிடுங்கள். 1863-இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் மாற்றுப் பொருளுக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. ஜான் ஹயட் முயன்று, 1870-இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது எளிதில் தீப்பற்றும்; தந்தம்போல் துள்ளவும் இல்லை. பேக்லேண்டு 1907-இல் கண்ட பீனால் பிசின் வழியில் வந்தவையே இன்றைய தரமான பந்துகள். ஈரத்தில் அவை உருக்குலைவதில்லை.

துணி மட்டும் இன்றும் கம்பளிதான். ஈரமானால் பந்தின் ஓட்டம் மந்தமாகும். அதனால் பெரிய போட்டிகளில் மேசையின் கற்பலகையை அடியிலிருந்து சூடாக்குகிறார்கள்.