பத்தமடைப் பாயும் பெயரறியாக் கைகளும்

முலைக்கா (ரலி) என்ற மூதாட்டியார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். உணவருந்திய பின், நெடுநாள் புழக்கத்தால் கறுத்துப்போயிருந்த பாயொன்றில் அனஸ் (ரலி) நீர் தெளிக்க, அதன்மீது நின்று அண்ணலார் தொழுவித்தார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது. பழம்பாய் ஒன்றைப் பற்றிய செய்தியிலும் அவ்வீட்டுப் பெண்மணியின் பெயர் காக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது.

தமிழகத்தில் பாயென்றதும் நினைவுக்கு வரும் ஊர், திருநெல்வேலி மாவட்டத்துத் தாமிரபரணிப் பகுதியிலுள்ள பத்தமடை. அங்கு இத்தொழிலை வளர்த்தவர்கள் லெப்பை முஸ்லிம்கள். நீர்நிலைகளின் ஓரம் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் சில நாள்கள் ஊறவைப்பர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, நூலிழை போலாக்கிச் சாயமேற்றி, பருத்தி அல்லது பட்டு நூற்பாவில் ஊடையாகக் கோத்து நெய்வர். முற்காலத்தில் செந்நிறம் சப்பங்கக் கட்டையிலிருந்து பெறப்பட்டது. சாதாரணப் பாய்க்கு 50 எண் அளவிலான பாவு போதும். பட்டுப்பாய்க்கோ அது 100 முதல் 140 வரை உயரும். அத்தகைய பாயைத் துணிபோல் மடிக்கலாம். அதை முடிக்க வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும்.

கோரையை ஊறவைத்து இழையாக்கும் நுட்பத்தைக் கண்டவர் ஹசன் பாவா லெப்பை என்பது ஊர் வழக்கு. அப்பெயர் நிலைத்தது. திருமணப் பாயில் மணமக்களின் பெயர்களும் நெய்யப்படுகின்றன. ஆனால் வீட்டுவேலைகளுக்கிடையே தறியின் முன் அமர்ந்து அப்பெயர்களை இழை இழையாகக் கோக்கும் பெண்ணின் பெயர் பாயிலும் இல்லை. விற்பனைச் சீட்டிலும் இல்லை. 2012-13இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரின் பெயருக்குக் காவலாயிற்று. நெய்பவளின் பெயருக்கோ கூலிக்கோ அது காவலன்று.

கோரையின் விலை சொற்பமே. பாயின் மதிப்பு முழுவதும் செலவிட்ட நேரத்திலும் கைத்திறத்திலுமே உள்ளது. அந்நேரத்துக்கு ஈடான கூலி கிடைக்காதபோது, பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் மலிவாகக் கிடைக்கும் சந்தையில், மகள் தாயின் தறியில் அமரத் தயங்குவது இயல்பு. பாயை அருங்காட்சியகத்தில் வைத்துக் காத்துவிடலாம். விரலிலிருந்து விரலுக்குச் செல்லும் அறிவை அவ்வாறு காக்க இயலாது.

ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டார் என்பதை வரிசை பிசகாமல் குறித்து வைத்த சமுதாயம் நம்முடையது. அந்தப் பேணுதலில் ஒரு பங்கையேனும் பத்தமடைத் தறிகளுக்கும் அளித்தல் வேண்டும். எந்தப் பெண் எவரிடம் கற்றாள், எத்தனை எண் பாவில் நெய்தாள், யாருக்குக் கற்பித்தாள் என்பதை அம்மூதாட்டியர் வாழும் நாளிலேயே கேட்டெழுதுவது ஊர் ஜமாஅத்துகளாலும் கல்லூரிகளாலும் இயலாத காரியமன்று. பாயின் ஓரத்தில் நெய்தவளின் பெயரும் இடம்பெறுமானால், கூலி கேட்கும் உரிமைக்கும் அது முதற்சான்றாகும்.