விழுந்தவருக்குப் பொறுப்பு யார்?

வட அமெரிக்காவின் குளிர்பிரதேச நகரங்கள் பலவற்றில், பனிக்காலம் வந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கூடிவிடும். வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதையில் விழுந்து கிடக்கும் பனியை அவர்தான் தள்ள வேண்டும். அந்த நடைபாதை ஊருக்குப் பொதுவானது. இருந்தாலும் அவர் தள்ளாவிட்டால் மாநகராட்சி அபராதம் போடும். ஆனால் தள்ளாமல் விட்ட பனி இறுகிப்போய், அதில் வழுக்கி விழுந்த ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டுக்காரர் ஒரு காசும் நஷ்டஈடு தரத் தேவையில்லை என்பதுதான் பெரும்பாலான இடங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் நிலை. கடமை தவறினால் நகரத்துக்கு அபராதம் கிடைக்கும், அடிபட்டவருக்கு எதுவும் கிடைக்காது. இந்த விசித்திரம் தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்த தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நடைபாதைச் சட்டத்தைச் செய்தவர்களின் கண் பெரும்பாலும் நகரத்தின் கஜானாமேல்தான் இருந்திருக்கிறது என்பது விளங்கும்.

1835இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த காடார்ட் வழக்கிலிருந்து தொடங்கலாம். வீட்டை ஒட்டிய நடைபாதையில் விழும் பனியைச் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ குறித்த நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று பாஸ்டன் நகரம் விதி செய்திருந்தது. காடார்ட் அகற்றவில்லை. அபராதம் விதித்ததும் நீதிமன்றத்துக்குப் போனார். எல்லோரும் நடக்கும் பாதைக்குச் சிலரிடம் மட்டும் வேலை வாங்குவது வேறு பெயரில் வரும் வரிதானே, அது எப்படிச் சமமாகும் என்பது அவர் தரப்பின் கேள்வி. தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அதை ஏற்கவில்லை. இது வரியில்லை, ஊர் ஒழுங்குக்கான விதி, பனியை உடனே, சிரமமில்லாமல் அகற்றக்கூடியவர் அருகில் இருப்பவர்தான், அதன் பலனும் முதலில் அவருக்குத்தான், தவிர, இந்த நிலையில் இருப்பவர்கள் ஓரிருவர் அல்ல, பெருங்கூட்டம், அவர்கள் எல்லோருக்கும் சுமை ஒன்றே என்று அவர் தீர்ப்பெழுதினார். பிறகு வந்த நகரங்கள் எல்லாம் பிடித்துக்கொண்டது இந்தத் தீர்ப்பைத்தான். அதன் தர்க்கத்தில் பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்து ஊர் முழுக்கப் பனி தள்ளுவது அந்தக் காலத்து நகரம் எதற்கும் கட்டுப்படியாகாது.

கேள்வி அடுத்த கட்டத்தில்தான் எழுகிறது. பக்கத்தில் இருப்பவர், எளிதில் செய்யக்கூடியவர் என்பதால் கடமை வீட்டுக்காரருடையது என்றால், அவர் செய்யாமல் விட்டதால் விழுந்தவருக்கும் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அதே மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1859இல், பாஸ்டனின் பாயில்ஸ்டன் சந்தைக் கட்டடத்தை ஒட்டிய நடைபாதை ஐஸில் வழுக்கி விழுந்தவர் தொடுத்த வழக்கில், தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கட்டடக்காரர் விதியை மீறினால் அபராதம் கட்டுவார், தனிமனிதருக்குக் கடன்பட்டவர் ஆகமாட்டார் என்றது. 1874இல் மேரிலாந்து நீதிமன்றம் பால்டிமோர் வழக்கொன்றில் இதையே சொன்னது. 1877இல் ரோட் ஐலண்டும் அந்த வழியில் போனது. எல்லாவற்றிலும் காரணம் ஒன்றுதான்: சாலையைப் பாதுகாப்பது நகரத்தின் வேலை, அந்த வேலையில் ஒரு பங்கை நகரம் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறது, ஆகவே வீட்டுக்காரரின் கடமை நகரத்துக்குச் செய்ய வேண்டியது, நடந்துபோகிறவருக்கு அல்ல.

இது வெறும் சாக்கு இல்லை, சட்டக் கோட்பாடு என்று யாரும் மறுக்கலாம். ஒரு மாநகராட்சி தன் துணைவிதியால் இரண்டு தனிமனிதர்களுக்கிடையே புதிய வழக்குரிமையை உண்டாக்க முடியாது, அது மாநிலச் சட்டமன்றத்தின் அதிகாரம் என்பது நியாயமான பேச்சுத்தான். நீதிமன்றங்கள் அதோடு நிறுத்திக்கொண்டதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சட்டமன்றங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் சட்டப்படி, பாதை மற்றபடி சரியாக இருந்து பனியோ ஐஸோ மட்டும் காரணமாக ஒருவர் பொதுவழியில் விழுந்தால் நகரத்துக்கும் பொறுப்பில்லை. ஆக, வீட்டுக்காரர் நகரத்தைக் காட்டுகிறார், நகரம் சட்டப்புத்தகத்தைக் காட்டுகிறது. விழுந்தவர் தன் செலவில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்.

ஷாவின் தர்க்கத்தை அடியோடு மறுத்தவர்கள் இல்லினாய் நீதிபதிகள். புளூமிங்டன் நகரின் பனி அகற்றும் விதியை 1878இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நடைபாதையும் தெருவின் ஒரு பகுதிதான், அதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு மற்றவரைவிடக் கூடுதல் பாத்தியதை எதுவும் இல்லை, அதைத் துப்புரவு செய்யும் செலவு பொது வரியிலிருந்துதான் வர வேண்டும் என்பது அதன் முடிவு. 1884இல் சிகாகோ வழக்கிலும் அதே நிலையில் நின்றது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவை அதன் பின்னால் போகவில்லை. வடக்கு நியூயார்க்கில் பனி கொட்டித் தீர்க்கும் கார்த்தேஜ் என்ற சிற்றூரின் விதியை 1890இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. சிறுபான்மையாக நின்றாலும், பாதை பொது என்றால் அதற்கான செலவும் பொது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்ன தீர்ப்பு என்பதால் புளூமிங்டன் வழக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதற்கிடையில் வழக்கு மன்றங்களில் இன்னொரு கோட்பாடும் வேரூன்றியது. வானத்திலிருந்து விழுந்து தானாகச் சேர்ந்த பனிக்கு யாரும் பொறுப்பில்லை; மனிதக் கை பட்டு ஆபத்து கூடியிருந்தால்தான் பொறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பில் என்ன ஆகிறது? ஒருவர் பொறுப்பாகக் காலையில் எழுந்து பனியைத் தள்ளி ஓரத்தில் குவிக்கிறார். மதிய வெயிலில் குவியலின் அடி உருகி, நீர் பாதையின் குறுக்கே ஓடுகிறது. இரவில் அது கண்ணாடிபோல் மெல்லிய தகடாக உறைகிறது. கீழே உள்ள கான்கிரீட்டின் நிறமே தெரிவதால் நடப்பவர் கண்ணில் அது படுவதில்லை. மறுநாள் அங்கே ஒருவர் விழுந்தால், அது செயற்கையாக உண்டான ஐஸ் என்று பனி தள்ளியவர்மேல் வழக்கு வரலாம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிய பக்கத்து வீட்டுக்காரர் தப்பிவிடுவார். சோம்பேறிக்குச் சாதகமான சட்டம் இது. இல்லினாய் மாநிலம் 1979இல் ஒரு பனி அகற்றும் சட்டம் இயற்றி, குடியிருப்பு வீட்டுக்கு முன்னால் பனி தள்ளும் முயற்சியில் இறங்கியவரை வழக்கிலிருந்து காத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்துக் குளிர்காலத்தில்தான் சிகாகோ பனியில் புதைந்து, தெருக்களைச் சீர்செய்யத் தவறிய மேயர் பிலாண்டிக், ஜேன் பைர்னிடம் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் தோற்றார். மாசசூசெட்ஸோ இந்தக் கோட்பாட்டை 2010 வரை விடவில்லை. டான்வர்ஸ் ஊரில் டார்கெட் கடையின் வாகன நிறுத்தத்தில் ஒருவர் விழுந்த வழக்கில்தான் அதன் உச்ச நீதிமன்றம், தன் நிலத்தில் கிடக்கும் பனிக்கு உரிமையாளர் நியாயமான கவனம் காட்டியாக வேண்டும், அது தானாகச் சேர்ந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சி வேண்டாம் என்றது.

விழுந்தவரின் பக்கம் நின்று யோசித்த நீதிமன்றம் என்றால் நியூஜெர்சியைத்தான் சொல்ல வேண்டும். 1981இல், வணிகக் கட்டடத்தை ஒட்டிய பழுதடைந்த நடைபாதைக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு என்று பழைய விதியை மாற்றியது. 1983இல் அதைப் பனிக்கும் ஐஸுக்கும் நீட்டியது. உரிமையாளர் இன்சூரன்ஸ் எடுக்கலாம், அந்தச் செலவைப் பொருளின் விலையில் ஏற்றிப் பலர்மேல் பரப்பலாம் என்பது அதன் கணக்கு. தனி வீட்டுக்காரரால் அப்படிப் பரப்ப முடியாது என்பதால் வீடுகளை இந்த மாற்றத்தில் சேர்க்கவில்லை. யாரால் தாங்க முடியும் என்று கேட்டுப் போட்ட கோடு அது. ஆனால் 2011இல் ஹோபோக்கன் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தையும் குடியிருப்பு என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இத்தனை குடும்பங்கள் சேர்ந்த சங்கத்தால் ஒரு இன்சூரன்ஸ் தவணையைப் பங்குபோட்டுக் கட்ட முடியாதா என்ன? கோடு அந்த இடத்தில் கோணிவிட்டது.

நியூயார்க் நகரத்தின் கதை வேறு. நடைபாதைக் குறைகளால் விழுந்தவர்களுக்கு நகரமே நஷ்டஈடு கொடுத்துவந்த காலத்தில், அந்தச் செலவைக் குறைக்க ஒரு நிபந்தனை கொண்டுவந்தார்கள்: குறிப்பிட்ட இடத்தில் பழுது இருப்பதாக முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்தால்தான் வழக்கு நிற்கும். அடிபட்டவர்களின் வழக்கறிஞர்கள் சளைக்கவில்லை. 1982இல் ‘பிக் ஆப்பிள்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு தொடங்கி, ஆட்களைத் தெருத்தெருவாக நடக்கவிட்டு, வெடிப்பு, பள்ளம், மேடு ஒவ்வொன்றையும் குறியீடுகளால் வரைபடத்தில் குறித்து, கட்டுக்கட்டாகப் போக்குவரத்துத் துறையிடம் கொடுத்தார்கள். எழுத்தில் கேட்டீர்களே, இதோ என்றார்கள். குறும்பும் கூர்மையும் கலந்த இந்த வேலையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் 2003இல் நகரமன்றம் பொறுப்பையே கைமாற்றியது. உரிமையாளர் குடியிருக்கும், மூன்று குடும்பங்களுக்கு மேற்படாத வீடுகள் நீங்கலாக, மற்ற எல்லாச் சொத்துகளின் உரிமையாளர்களும் நடைபாதைக்கு நேரடிப் பொறுப்பானார்கள், பனிக்கும் சேர்த்துத்தான். இது செலவைக் குறைக்க எடுத்த நடவடிக்கை என்று 2008இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்தது. அடிபட்டவருக்கு இதனால் வழக்குப் போட ஓர் ஆள் கிடைத்தார் என்பது உண்மை. அது அந்தச் சட்டத்தால் விளைந்த நன்மை; அதன் நோக்கம் வேறு.

வீட்டுக்காரர்களையும் பொறுப்பாக்கிவிட்டால் எல்லோரும் ஒழுங்காகப் பனி தள்ளுவார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பயம் வேலை வாங்கும் என்றால் அபராதத்தின் பயமே போதும். மாநகராட்சிகள் அதைக் கறாராக வசூலிக்கட்டும். எண்பது வயதில் தனியாக இருக்கும் மூதாட்டி அதிகாலை ஐஸுக்கு உப்புத் தூவவில்லை என்று அவர் வீட்டுக்கு விலை வைப்பது நியாயமாகாது. வீட்டு இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளுமே என்றால், இன்சூரன்ஸ் இல்லாத வீட்டின் முன் விழுந்தவர் என்ன செய்வார்? எந்த வாசலில் விழுந்தோம் என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்து நஷ்டஈடு அமையக் கூடாது. உழைப்பை அருகில் இருப்பவரிடம் கேட்ட ஷா சொன்னது சரி. செலவைப் பொது வரியில் வைத்த இல்லினாய் நீதிபதிகள் சொன்னதும் சரி. நகரங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிட்டன.

ஈழத்தமிழர் பெருவாரியாக வாழும் கனடாவின் ஒன்ராறியோவில் சட்டம் ஓரளவுக்கு இந்த நிலைக்கு நெருக்கமாக இருக்கிறது. அந்த மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் பொஞ்ஜார்டினா வழக்கில், பொது நடைபாதைப் பனி நகராட்சியின் பொறுப்பு, பக்கத்து வீட்டுக்காரருடையது அல்ல என்று தெளிவாக்கியது. தன் சொத்தைப்போல அந்த நடைபாதையைத் தானே கையாண்டாலோ, தன் நிலத்திலிருந்து நீர் வழிந்து பாதையில் உறைந்தாலோ மட்டும் வீட்டுக்காரர் மாட்டுவார். ஆனால் நகராட்சியின் பொறுப்பும் பாதிதான்: நடைபாதைப் பனி விஷயத்தில் அதன் கவனக்குறைவு மிகக் கடுமையானது என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு. ஸ்கார்பரோவில் நடைபாதை ஐஸில் விழுந்து அடிபட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து, 10 நாட்களுக்குள் நகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். விழுந்தது கடை வளவு போன்ற தனியார் நிலமாக இருந்தால், 2021 ஜனவரி முதல் அதற்கு 60 நாட்கள் அவகாசம்.