தொப்புள்கொடி இரத்தக் காப்புரிமையும் அதன் மேற்கோள்களும்

காப்புரிமைப் பத்திரங்களில் இடம்பெறும் மேற்கோள்களை வகைப்படுத்தி எண்ணினால் அறிவு எவ்விடத்திலிருந்து எவ்விடத்துக்குப் பாய்ந்தது என்பதை நிர்ணயித்துவிடலாம் என்ற அபிப்பிராயம், ஆடம் ஜாஃபே, மனுவேல் டிராக்டன்பர்க், ரெபெக்கா ஹெண்டர்சன் ஆகிய மூவரும் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. அறிவின் ஓட்டம் கண்ணுக்குப் புலப்படாதது, காகிதத்தில் தடம் விடாதது என்று பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் 1991இல் எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாக, சில வேளைகளில் தடம் இருக்கத்தான் செய்கிறது, அத்தடம் காப்புரிமை மேற்கோளே என்று இம்மூவரும் வாதித்தனர். ஸ்டெம் செல் என்று வழங்கும் குருத்தணுவின் துறையிலும் இக்கொள்கையே செல்வாக்குடன் விளங்குகிறது. கிண்டியிலிருந்து தாம்பரம் வழியாக வண்டலூர் வரை நீளும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதிக்குத் தொப்புள்கொடி இரத்தச் சேமிப்பு என்னும் தொழில் வந்து சேர்ந்த வரலாற்றை இக்கொள்கையின் துணைகொண்டு எழுத முற்பட்டால் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாஃபே முதலியோரின் முறை சாமானியமானதன்று. 1975, 1980 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்த காப்புரிமைகளை எடுத்துக்கொண்டு, அவற்றைப் பின்னாளில் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு பத்திரத்துக்கும், அதே தொழில்நுட்ப வகையையும் ஏறத்தாழ அதே காலத்தையும் சேர்ந்த வேறொரு பத்திரத்தை இணையாக நிறுத்தி, நிறுவனம் தன்னையே மேற்கோள் காட்டிக்கொண்ட இடங்களை நீக்கி, அதன் பின்னரும் மேற்கோள்கள் ஒரே நாட்டிலும் ஒரே மாநிலத்திலும் ஒரே மாநகரிலும் செறிந்து கிடப்பதை அவர்கள் காட்டினார்கள். தொழில்நுட்ப வகையை மேலும் நுண்ணியதாகப் பகுத்தால் மாநில, மாநகரச் செறிவு மறைந்துபோகிறது என்று பீட்டர் தாம்சனும் மெலனி ஃபாக்ஸ்-கீனும் 2005இல் ஆட்சேபித்தனர். அடுத்த ஆண்டில் ஹுவான் அல்காசெரும் மிஷெல் கிட்டல்மனும் இன்னும் ஆழமான ஐயம் ஒன்றை எழுப்பினர்: அமெரிக்கக் காப்புரிமைகளில் சராசரியாக ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்ட மேற்கோள்களைச் சேர்த்தவர்கள் கண்டுபிடித்தவர்கள் அல்லர், அலுவலகப் பரிசோதகர்களே. கண்டுபிடித்தவர் படித்தே இராத ஏட்டை அவர் அறிவின் மூலமாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு ஜாஃபே தரப்பினர் சொல்லக்கூடிய சமாதானம் நான் அறிந்ததே. மேற்கோளில் இரைச்சல் கலந்திருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். பரிசோதகர் சேர்த்தவற்றை விலக்கிவிட்டுக் கண்டுபிடிப்பாளர் காட்டிய மேற்கோள்களை மட்டும் கணக்கிட்டால் இடச்செறிவு கூடவே செய்கிறது என்று பிற்கால ஆய்வுகள் அவர்களுக்குச் சாதகமாகவும் பேசியுள்ளன. ஆனால் என் மாறுபாடு இரைச்சலைப் பற்றியதன்று. மேற்கோளின் இயல்பைப் பற்றியது. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளில் தானமாக அளிக்கப்பட்ட நிலத்தின் நான்கெல்லையும் விரித்துரைக்கப்படும். கீழ்பாற்கெல்லையாக ஒருவருடைய நிலம் குறிக்கப்படுவதால் தானம் பெற்றவர் அவரிடம் உழவு கற்றார் என்று யாரும் அனுமானிப்பதில்லை. இன்னாருடைய உரிமை இதுவரை, அதற்கு இப்பால் இவருடையது என்பதே அவ்வாசகத்தின் தாத்பரியம். காப்புரிமை மேற்கோளும் முதலில் எல்லை வாசகம். குரு பரம்பரை வாசகமாக அது சிற்சில இடங்களிலேயே ஆகிறது. ஜாஃபே முதலியோர் எல்லையைப் பரம்பரையாக வாசித்தனர் என்பதே என் குற்றச்சாட்டு.

இதை நிறுவுவதற்கு ஒரே ஒரு பத்திரத்தை விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். எட்வர்ட் பாய்ஸ், ஹால் பிராக்ஸ்மேயர், கார்டன் டக்ளஸ் ஆகியோர் 1987 நவம்பரில் விண்ணப்பித்து, 1991 ஏப்ரல் 2ஆம் நாள் பயோசைட் என்னும் நிறுவனத்தின் பெயரில் வழங்கப்பெற்ற 5,004,681 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமையே அது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் நச்சுக்கொடியிலும் எஞ்சும் இரத்தத்திலிருந்து பெறப்பட்டு, வளர்ந்த மனிதர் ஒருவரின் இரத்த உற்பத்தியை மீட்கப் போதிய அளவில், உறைநிலைக் காப்புப் பொருளுடன் சேர்த்து உறையவைக்கப்பட்ட குருத்தணுக்கள் என்பது அதன் முதல் உரிமைக்கோரலின் சாரம். சேமித்து உருக்கிச் செலுத்தும் முறைக்கான 5,192,553 எண்ணுடைய துணைக் காப்புரிமை 1993இல் வழங்கப்பட்டது.

இப்பத்திரத்தின் முகப்பில் உள்ள மேற்கோள் பட்டியல் நமக்கு உதவுவது சொற்பம். பரிசோதகர் சேர்த்த மேற்கோளுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கம் அமெரிக்க அலுவலகத்தில் 2001இல்தான் தொடங்கியது. ஆகையால் 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் எது யாருடைய கையெழுத்து என்று முகப்பைக் கொண்டு பிரித்தறிய இயலாது. எனவே முகப்பை விட்டு உள்ளே, விவரணப் பகுதிக்குள் செல்ல வேண்டும். அங்கே கண்டுபிடிப்பாளர்கள் தங்களுக்கு முன்னிருந்த ஆராய்ச்சிகளைத் தாங்களே எடுத்துரைக்கின்றனர். தொப்புள்கொடி இரத்தத்தில் பல்வகை அணுக்களாகக் கிளைக்கவல்ல முன்னோடி அணுக்கள் இருப்பதை நகஹாட்டாவும் ஒகாவாவும் 1982இல் வெளியிட்டிருந்தனர். எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் உள்ள அத்தகைய அணுக்களை உறையவைத்துக் காப்பது பற்றி கொய்க்கே 1983இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவ இதழில் எழுதியிருந்தார். தொப்புள்கொடி இரத்தத்தில் குருத்தணு உண்டென்று முன்னோர் கண்டதாகவே விவரணம் இவ்வாராய்ச்சிகளைப் பற்றிப் பேசுகிறது.

இந்த வாசகம் இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன வினையாற்றிற்று என்பதே கவனிக்கத்தக்கது. காப்புரிமைகள் ஃபார்மாஸ்டெம் என்னும் நிறுவனத்தின் கைக்கு வந்தபின், அந்நிறுவனம் வயாசெல், சிபிஆர், கார்செல், கிரையோ-செல் முதலிய இரத்தச் சேமிப்பு நிறுவனங்கள்மீது டெலவேர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடியது. 2003 அக்டோபரில் ஜூரிகள் காப்புரிமை செல்லும் என்றும் மீறல் நிகழ்ந்தது என்றும் தீர்ப்பளித்தனர். சேமித்த ஒவ்வொரு பையிலும் வளர்ந்த மனிதருக்குப் போதிய அளவு அணுக்கள் இருந்தமைக்குப் பிரமாணம் இல்லை என்ற நிலையில், 2004ஆம் ஆண்டு முடிவதற்குள் விசாரணை நீதிபதியே மீறல் பற்றிய தீர்ப்பை விலக்கினார். 2007 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேற்சென்று, இரண்டு காப்புரிமைகளுமே முன்னிருந்த அறிவிலிருந்து எளிதில் எட்டத்தக்கவையாதலின் செல்லா என்றது. முன்னோர் கண்டவை முன்னோடி அணுக்களே, உண்மையான குருத்தணுக்கள் என்று அவர்கள் நிரூபிக்கவில்லை என்று உரிமையாளர் தரப்பு வாதித்தபோது, விவரணத்தில் கண்டுபிடிப்பாளர்களே முன்னறிவு என்று ஒப்புக்கொண்டது அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஆக, அந்த மேற்கோள் ஒரு வாக்குமூலமாகச் செயற்பட்டது. தங்கள் நிலத்தின் எல்லையை அவர்களே எழுதிக்கொடுத்திருந்தனர்.

இங்கே என் வாதத்துக்கு எதிரான ஒரு நியாயத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். முகப்பு மேற்கோளைவிட உள்வாசக மேற்கோளே கண்டுபிடிப்பாளரின் அறிவைச் செவ்வையாகக் காட்டும் என்று பிரையன், ஓஸ்ஜான், சம்பத் ஆகியோர் 2020இல் வாதித்துள்ளனர். பாய்ஸ் முதலியோர் நகஹாட்டாவையும் கொய்க்கேயையும் படித்தே இருந்தனர் என்பதில் சந்தேகமில்லை. அவ்வளவில் இது பரம்பரை வாசகமும் ஆகும். ஆனால் மதிப்பைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட காப்புரிமையே சமூகப் பயன் மிகுந்தது என்று டிராக்டன்பர்க் 1990இல் சி.டி. ஸ்கேன் கருவிகளைக் கொண்டு நிறுவ முயன்றார். சட்டத்தின் முன் செல்லாது என்று முடிந்த ஒரு பத்திரமும் முன்னறிவுச் சான்றாக என்றும் நிலைத்திருந்து, பின்வரும் விண்ணப்பங்களால் எல்லையாகக் குறிக்கப்பட்டே தீரும். அம்மேற்கோள்களை மதிப்பின் அளவுகோலாகக் கொள்வது எனக்கு உடன்பாடன்று. விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் பெற்ற கருக் குருத்தணுக் காப்புரிமைகள் 2006இல் மறுபரிசோதனைக்கு இழுக்கப்பட்டபோதும், எலியின் கருவணுக்களைப் பற்றிய பழைய ஆராய்ச்சிகளே எதிர்ச்சான்றாக முன்வைக்கப்பட்டன. அவ்விவகாரம் நன்கு அறியப்பட்டதாகையால் இங்கு விரிக்கவில்லை.

இனித் தென்சென்னைக்கு வருவோம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில் கீழக்கோட்டையூரில் இன்று இயங்கும் லைஃப்செல் நிறுவனம், புளோரிடாவைச் சேர்ந்த கிரையோ-செல் நிறுவனத்தின் தொழில்நுட்ப உரிமத்தைப் பெற்று 2004இல் தோன்றியது. அதாவது, டெலவேர் வழக்கில் பிரதிவாதிகளுள் ஒருவராக நின்ற நிறுவனத்திடமிருந்தே, ஜூரிகளின் தீர்ப்பு வெளியான மறு ஆண்டில், இத்தொழில் நம் ஊருக்கு வந்தது. ஜாஃபே முதலியோரின் கொள்கைப்படி இவ்வறிவுப் பெயர்ச்சி ஒரு மேற்கோளாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிந்தது ஓர் உரிம ஒப்பந்தத்தில். ஒரே உதாரணத்தைக் கொண்டு பொதுவிதி கூறலாகாது என்பதை உணர்ந்தே சொல்கிறேன்: இரத்தப் பையைக் கையாளும் பக்குவம், அணுக்களைப் பிரிக்கும் முறை, திரவ நைட்ரஜனில் சேமிக்கும் ஒழுங்கு ஆகியவை ஒப்பந்தத்தாலும் பயிற்சியாலும் மனிதர்களோடு பயணம் செய்பவை. மேற்கோள்களை மட்டும் எண்ணுகிறவருக்குக் கீழக்கோட்டையூர் வரைபடத்தில் வெற்றிடமாகவே தோன்றும். அது வெற்றிடமன்று.

அமெரிக்கப் பத்திரத்தின் எல்லை இம்மண்ணில் ஓடவில்லை என்பதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. 1987இல் இந்தியா பாரிஸ் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கவில்லை. அது நிகழ்ந்தது 1998 டிசம்பரில். மருந்தாகப் பயன்படும் பொருளுக்கே காப்புரிமை அளிக்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தரவில்லை. 2005 ஜனவரி முதலே அத்தடை நீங்கிற்று. அதன்பின்னும் சிகிச்சை முறைகளை 3(i) பிரிவும், விலங்குகளின் உறுப்புப் பகுதிகளை 3(j) பிரிவும், ஒழுக்கத்துக்கு மாறானவற்றை 3(b) பிரிவும் விலக்குகின்றன. தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியும் இவ்விஷயத்தில் வேண்டுவதில்லை. 2002ஆம் ஆண்டுச் சட்டம் மனித மரபுப் பொருளை உயிரியல் வளம் என்ற வரையறையினின்று நீக்கியிருக்கிறது.

காலத்தை நிர்ணயிப்பதில் ஒரு சிக்கல் தீராமலே நிற்கிறது. தொப்புள்கொடி இரத்தக் குருத்தணுச் சிகிச்சையின் தோற்றத்தை எந்த ஆண்டில் வைப்பது? விண்ணப்பம் 1987, பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியன் குளூக்மன் ஃபான்கோனி சோகை கண்ட ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தத்தைச் செலுத்தியது 1988 அக்டோபர், அது அச்சேறியது 1989. இதற்கெல்லாம் முன்பு, 1972இலேயே, வர்ஜீனியாவின் மாநில மருத்துவ இதழொன்றில் எண்டே சகோதரர்கள் தொப்புள்கொடி இரத்தத்தை ஒரு நோயாளிக்குச் செலுத்திய செய்தியை வெளியிட்டிருக்கின்றனர். காப்புரிமை வழக்குக்கு 1987 முக்கியம். மருத்துவ வரலாற்றுக்கு 1988. இரண்டையும் ஒன்றாக்கி ஒரு தேதியைத் துணிந்து கூற என்னால் இயலவில்லை.

கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்துள்ள காப்புரிமை அலுவலகத்தில் மேற்கோள் வேறோர் இடத்தில் வாழ்கிறது. தாம் அறிந்த தொடர்புடைய முன்னறிவை விண்ணப்பதாரரே எடுத்துரைக்க வேண்டும் என்ற அமெரிக்கக் கடப்பாடு இங்கில்லை; 8ஆம் பிரிவு கேட்பது வெளிநாடுகளில் செய்த விண்ணப்பங்களின் விவரத்தையே. மேற்கோள்கள் பெரும்பாலும் பரிசோதகரின் முதல் அறிக்கையில் டி1, டி2 என்று வரிசையிடப்பட்டு, ஒவ்வொன்றும் எந்த உரிமைக்கோரலைத் தாக்குகிறது என்ற குறிப்புடன் வருகின்றன. விண்ணப்பதாரர் அதற்கு எழுதும் மறுமொழியில், டி1இலிருந்து தாம் எவ்வாறு வேறுபடுகிறார் என்று வாதிக்கும்போதும் கோரலைச் சுருக்கும்போதும், எல்லை வகுக்கப்படும் செயலையே நேரில் காணலாம். தென்னிந்தியக் குருத்தணுக் காப்புரிமைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் வழங்கப்பட்ட பத்திரங்களின் எண்ணிக்கையை விடுத்து, அவ்வறிக்கையையும் மறுமொழியையும் அருகருகே வைத்து, மேற்கோளைச் சேர்த்தவர் யார், அதனால் கோரலில் எவ்வளவு குறைந்தது என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.